டைல்ஸ், லேமினேட், வினைல்: மூன்று தரையிலும் வாழ்ந்து பார்த்ததில் தெரிந்தது

எங்கள் வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ், ஒரு படுக்கையறைக்கு லேமினேட், இன்னொன்றுக்கு வினைல். திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு சமயம் வேலை நடந்ததால் அப்படி அமைந்துவிட்டது. பையனுக்கு வீசிங் உண்டு, அம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் இந்த மூன்றில் எது உடம்புக்கு ஒத்துவருகிறது என்று பல வருடங்களாகக் கவனித்து வருகிறோம். கடையில் நாம் பார்ப்பது மேலே தெரியும் டிசைனை. வீட்டுக்கு வந்தபிறகு தொல்லை கொடுப்பதெல்லாம் அடியில் இருக்கும் பசையும் ஓதமும்தான்.

முதலில் லேமினேட். பார்க்க மரம் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது மரநாரைப் பசை கலந்து அழுத்திய பலகை. அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. பெயின்ட் வாசனை சில வாரங்களில் அடங்கிவிடும். இது அப்படியில்லை. வெப்பமும் ஈரப்பதமும் கூடும்போதெல்லாம் பிசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, வாயு வருடக்கணக்கில் கசியும். குறைந்த அளவில் கசிந்தால் மூக்குக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே 'வாசனையே இல்லை பாருங்கள்' என்று விற்பவர் சொன்னால் அதை நம்பி வாங்க வேண்டாம். பெட்டியில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள். ஃபார்மால்டிஹைடு கசிவு வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கு ஐரோப்பிய முறையில் 'ஈ1' என்று போட்டிருக்கும். அமெரிக்க விதிப்படி எம்.டி.எஃப். எனப்படும் இந்த மாதிரி மரநார்ப் பலகைக்கு 0.11 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு), அதிலேயே மெல்லிய ரகத்துக்கு 0.13 பி.பி.எம். வரை அனுமதி. இவை பலகையைச் சோதனைப் பெட்டிக்குள் வைத்து அளக்கும் கணக்கு. மூடிய அறையில் அதே பலகையில் கட்டில், அலமாரி எல்லாம் இருந்தால் கணக்கு கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் 'ஈ1' பார்த்துத்தான் வாங்கினோம். போட்டபிறகு சில வாரங்கள் ஜன்னலைத் திறந்தே வைத்து, யாரும் அந்த அறையில் படுக்கவில்லை. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பால்கனிக் கதவு ஓரம் சாரல் படும் இடத்தில் பலகைகள் சேரும் விளிம்பு உப்பிவிட்டது. விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும், மேல் தாள் வெளுத்து உரிகிறது. மரத்தரை என்றால் இழைத்துச் சரிசெய்யலாம். இதில் பலகையையே மாற்றினால்தான் உண்டு.

வினைல் கதை வேறு. காலுக்கு மெத்தென்று இருக்கும், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்தான். அதை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற ரசாயனங்கள்தான் இதில் கவனிக்க வேண்டியவை. அவற்றில் நான்கு வகைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் எடையில் 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. 'தாலேட் இல்லாதது' என்று எழுத்தில் கேளுங்கள். மறுசுழற்சி பி.வி.சி. கலந்தது என்றால் பழைய தாலேட்டும் கூடவே வரலாம்.

எங்களுக்குப் பிரச்சினை தந்தது தாலேட் அல்ல, ஓதம். 'காங்கிரீட் நல்லா காய்ஞ்சிருக்கு சார்' என்று போட்டவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வினைல் ஈரத்தை மேலே விடாது, அடியிலேயே தேங்கும். ஒரு மூலை லேசாகத் தூக்கியதும் பிரித்துப் பார்த்தோம். பசை பிசுபிசுவென்று கூழாகி, காங்கிரீட் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சை நாற்றம். பையனின் இரவு இருமலுக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் ஈரமும் பூஞ்சையும் இருந்தால் ஆஸ்துமா மோசமாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

இதைத் தவிர்க்க எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை வெறும் காங்கிரீட்டில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரித்தால், தாளின் உள்பக்கம் நீர்த்துளியோ தரையில் கறுத்த ஈரமோ தெரிந்தால் எதுவும் போடாதீர்கள். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பழைய வீடு வாங்கியவர்களுக்கு ஒன்று: 1980-களுக்கு முந்தைய வினைல் டைல்ஸிலும் அதன் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத் தொடுங்கள்.

டைல்ஸ் சூளையில் சுமார் 1,200 டிகிரியில் வெந்து வருவதால் காற்றில் கலக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. விட்ரிஃபைடு ரகம் நீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. உடம்புக்கு இதுதான் நிம்மதி. ஆனால் பளபளப்பான ரகத்தில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும்; வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மேட் ஃபினிஷ்தான் சரி. அப்புறம், சோப்புத் தண்ணீரை அதிகம் ஊற்றித் துடைத்தால் பிசுக்கு தங்கி, அழுக்கு இன்னும் ஒட்டும். ஆசிட் ஊற்றவே வேண்டாம், டைல்ஸ் இடுக்கில் நிரப்பியிருக்கும் கிரவுட் அரித்துப்போகும். டைல்ஸ் வெட்டும் நாட்களில் குழந்தைகளை வெளியே அனுப்பி, தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். அந்தத் தூளில் இருக்கும் சிலிகா நுரையீரலுக்கு ஆகாது.

வினைலை எடுத்த அறைக்கு கார்க் யோசித்தோம். மரத்தை வெட்டாமல் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்துச் செய்வது, காலுக்கும் இதம். ஓதம் வந்த இடம் என்பதால் துணியவில்லை. சுவருக்குள் கசிந்த குழாயைச் சரிசெய்து, காயவிட்டு, மேட் டைல்ஸ் போட்டோம். 'ஜில்லுன்னு இருக்குடா' என்று அம்மா முதலில் குறைபட்டார். கட்டிலருகே துவைக்கக்கூடிய தடிமனான மிதியடி போட்டோம், அதோடு சரி. சுவரோடு சுவராகக் கம்பளம் மட்டும் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தோம், தூசிப் பூச்சிகளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

லேமினேட் அறையில் உப்பிய பலகைகளை மட்டும் மாற்றலாம் என்று கேட்டால், அந்த டிசைனே இப்போது வருவதில்லையாம். எந்தத் தரை போட்டாலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.