எழுதவிடாத ஹார்ட் டிஸ்க் டாக்: ஆறு மாதம் கடையில் ஓட்டிய பிறகு

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கத்து போட்டோ ஸ்டுடியோக்காரர்கள்தான் பாதி வாடிக்கையாளர்கள். கல்யாண ஆல்பம் முடிந்ததும் டிஸ்க்கை அலமாரியில் போட்டுவிடுவார்கள், மூன்று வருடம் கழித்து பெண் வீட்டார் வந்து கேட்கும்போது அது திறக்காது. அப்படி வந்த ஒன்றைச் சாதாரண டாக்கில், அதாவது டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டியில், மாட்டினேன். ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டது, அவசரத்தில் ஓகே ஓகே என்று அழுத்திக்கொண்டே போய்விட்டேன். படங்களைப் பெரும்பாலும் மீட்டுவிட்டோம், ஆனால் ஃபைல் பெயர், ஃபோல்டர் எல்லாம் போய்விட்டது. முகூர்த்தம் எது, ரிசப்ஷன் எது என்று அந்த அம்மா கடையில் உட்கார்ந்து இரண்டு நாள் பிரித்தார். இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

அதற்கு அப்புறம்தான் இந்த ரைட் பிளாக்கர் டாக்கை வாங்கினேன். பார்க்கச் சாதாரண டாக் மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கிற சிப், படிக்கிற கட்டளையை மட்டும் டிஸ்க்குக்கு விட்டு, எழுதுகிற, அழிக்கிற கட்டளைகளை வழியிலேயே நிறுத்திவிடும்.

"நான் எதையும் காப்பி போடலையே, அதில் எழுத என்ன இருக்கு?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் கம்ப்யூட்டர் எழுதும். விண்டோஸ் தன் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டரைப் போடும், மேக் தன் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டுக்கு ஃபைல்கள் வைக்கும், லினக்ஸில் ரீட் ஒன்லி (படிக்க மட்டும்) என்று திறந்தாலும், அதன் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் பாதியில் நின்ற ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேடு) எழுதி முடிக்கப் பார்க்கும், திறக்கும் கட்டளையில் நோலோட் என்று சேர்த்துக் கொடுத்தால்தான் சும்மா இருக்கும். விண்டோஸின் செட்டிங்குகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில், எழுதத் தடை போடும் ரைட் புரொடெக்ட்டை 1 ஆக்கும் வழியும் உண்டு, ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மறக்காமல் செய்ய வேண்டும். மறக்கிற அந்த ஒரு நாள்தான் பிரச்சினை.

மாட்டும் வரிசை முக்கியம். பவர் ஆஃபில் இருக்கும்போதே டாக்கில் இருக்கிற சுவிட்சை பிளாக் (எழுதத் தடை) பக்கம் தள்ளி, டிஸ்க்கைச் செருகி, யூஎஸ்பி போட்டு, கடைசியாகத்தான் பவர். ஆன் ஆகும்போது சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைத்தான் டாக் எடுத்துக்கொள்கிறது, ஓடும்போது மாற்றினால் பலன் இல்லை. வாங்கியவுடன் ஒரு பழைய 500 ஜிபி டிஸ்க்கை வைத்துச் சோதித்தேன். முழு டிஸ்க்குக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (உள்ளே கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரியான குறியீடு) எடுத்துவிட்டு, ஃபைல்களை அழித்தேன், ஃபார்மட் கொடுத்தேன். அழிந்துவிட்டது போலவே விண்டோஸ் காட்டியது, கொஞ்சம் பயந்துவிட்டேன். கழற்றி மாட்டினால் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஹாஷும் ஒரு எழுத்து மாறவில்லை. நீங்களும் வாடிக்கையாளர் டிஸ்க்கை மாட்டும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

1 டிபி டிஸ்க்கை இமேஜ் (முழு டிஸ்க்கின் அச்சு நகல்) எடுக்க நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் எட்டு மணி நேரம். டிடிரெஸ்க்யூ என்கிற நகல் எடுக்கும் புரோகிராமில், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் வைத்து எடுங்கள், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் டாக்கின் அடாப்டரையும் யூபிஎஸ்ஸில்தான் போட்டிருக்கிறேன். அடாப்டர் ஒயர் ரொம்பக் குட்டை, அதற்காக மேஜையையே நகர்த்த வேண்டியதாயிற்று.

எல்லா டிஸ்க்குக்கும் இது ஆகாது. போர்டிலேயே யூஎஸ்பி வைத்து வருகிற போர்ட்டபிள் டிஸ்க்குகளை இதில் செருகவே முடியாது. எஸ்எஸ்டியில் அழித்த ஃபைலைத் தேடுபவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை, ட்ரிம் ஆன (இனி தேவையில்லை என்று கம்ப்யூட்டர் ஏற்கெனவே சொல்லிவிட்ட) இடங்களை எஸ்எஸ்டி உள்ளுக்குள் தானே துடைத்துவிடும், டாக்கால் அதைத் தடுக்க முடியாது. மிக்ஜாம் மழையில் மூழ்கியது போன்ற டிஸ்க் இருந்தால் தயவுசெய்து இதிலும் மாட்டாதீர்கள், பவரே கொடுக்காமல் டேட்டா ரெகவரி லேபுக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் சொந்த பேக்கப் மட்டும் பார்ப்பவருக்கு இது தேவையில்லை. அடுத்தவர் டிஸ்க்கைக் கையில் வாங்குகிறவர்கள் கட்டாயம் வாங்குங்கள். பெரிய குறை அந்த சுவிட்ச்தான், கை பட்டாலே நகர்கிறது. பிளாக் பக்கம் தள்ளி, மேலே சிவப்பு டேப் ஒட்டிவைத்திருக்கிறேன்.