கல்யாண டிவிடி: அப்படியே எடுப்பதா, சுருக்கி எடுப்பதா?

அக்காவைக் கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலையில் கட்டிக்கொடுத்தது 2007இல். கல்யாண டிவிடியில் ஒரு பிரதி களியக்காவிளையில் எங்கள் வீட்டிலும் இன்னொன்று அத்தான் வீட்டிலும் கிடக்கிறது. இடவப்பாதி மழை வந்தால் இரண்டிலும் பூசணம். "கம்ப்யூட்டர்ல ஏத்தி, டிவியில ஓடுற மாதிரி தந்துரு லே" என்றாள் அக்கா.

மேக்எம்கேவி என்ற மென்பொருள், தட்டில் எம்பெக்-2 என்ற முறையில் பதிந்துள்ள படத்தை அப்படியே எம்கேவி என்ற வகை வீடியோ கோப்பாக்கிவிடும். தரம் துளியும் குறையாது, கால் மணி நேர வேலை. இடம்தான் அடைக்கும்: ஒற்றை அடுக்குத் தட்டுக்கு 4.7 ஜிபி வரை.

ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.264 என்ற சுருக்க முறையில் சுருக்கினால் கோப்பு பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. தர அளவை ஆர்.எஃப். 20இல் வைத்தேன், எண் குறையக் குறையத் தரமும் கோப்பும் கூடும். ஒலியைச் சுருக்கவில்லை. அதில் மிச்சமாவது சொற்பம்.

சிக்கல் வேறு இடத்தில். நம் ஊர் டிவிடி பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை: 720 × 576 புள்ளிகள், வினாடிக்கு 25 படம். கேமரா எடுத்த ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படங்களின் பின்னல். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வினாடியில் 50இல் ஒரு பங்கு இடைவெளி. மணவறையில் ஆடாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் இது தெரியாது. செண்டைக்காரர் கோலை வீசும்போது பாருங்கள், கோல் சீப்புப் பல்லாகப் பிளந்து நிற்கும். (அவர்கள் செண்டையும் எங்கள் நாதஸ்வரமும் சேர்ந்து முழங்கிய ஐந்து நிமிஷத்தை எந்த மென்பொருளாலும் சீராக்க முடியாது.) பின்னலைப் பிரிக்கும் யாடிஃப் வடிகட்டியைச் சாதாரணமாகப் போட்டால் 25 படம், அசைவில் பாதி போச்சு. ஒவ்வொரு அரைப்படத்தையும் முழுப்படமாக்கும் 'பாப்' முறையில் 50 படம் கிடைக்கும். கோல் வழுக்கிக்கொண்டு போகிறது. கோப்பு கொஞ்சம் பெருத்தாலும் எனக்கு இதுதான் பிடித்தது.

எச்.264க்கு அடுத்து வந்த எச்.265 இன்னும் சிறிதாக்கும், ஆனால் என் பழைய லேப்டாப்பில் மூன்று மடங்கு நேரம் எடுத்தது. அதன் பலம் 4கே படத்தில். இவ்வளவு சின்னப் படத்தில் மிச்சம் பெரிதில்லை. அக்கா வீட்டு டிவியிலோ ஒலி மட்டும் வந்தது, படம் வரவில்லை. 2018இல் வந்த ஏவி1 என்ற இன்னும் புதிய சுருக்க முறையை அந்த டிவியில் போட்டுப் பார்க்கவே இல்லை. எக்ஸ்விட் என்ற பழைய சுருக்க முறை என்றால், யுஎஸ்பி துளையுள்ள பழைய டிவிடி பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

மேக்எம்கேவி கோப்பு என் ஹார்ட் டிஸ்கில், எச்.264 பென் டிரைவில் பாறசாலைக்கு. பீரோவில் பழைய விசிடியும் ஒன்று இருந்தது. அது 352 × 288தான், ஏற்கெனவே நன்றாகப் பிழிந்தாகிவிட்டது. அதில் படம் இருக்கும் டாட் (.DAT) கோப்பை அப்படியே காப்பி எடுத்தேன், விஎல்சி பிளேயரில் ஓடுகிறது.