கவாய், மதீரா, சபா: சிமுலேட்டரில் தீவு சுற்ற எந்த வழி?

விமான சிமுலேட்டரில் கடலோரமாகத் தாழப் பறந்து ஒரு தீவைச் சுற்றிவர ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, எந்தத் தீவுக்குப் போகலாம் என்பதுதான். பரிந்துரைகளில் பெரும்பாலும் முன்னால் நிற்பது ஹவாயின் கவாய். அடுத்து போர்ச்சுகலின் மதீரா. கரீபியன் கடலில் சின்ட் மார்ட்டன், செயின்ட் பார்த்தலெமி, சபா என்று தீவுக்குத் தீவு தாவும் வழியைச் சுற்றுலாவாக நினைப்பவர்கள் குறைவு. அங்குள்ள ஓடுபாதைகள் தரையிறக்கச் சவாலாகவே பெயர் பெற்றுவிட்டன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு கரீபியனுக்குத்தான். காட்சியில் கவாய் அதை வெல்கிறது என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

காட்சியிலிருந்தே தொடங்குவோம். கவாயின் தென்கிழக்கில் உள்ள லிஹுவே நிலையத்திலிருந்து கிளம்பி இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். விமானி இடப்பக்கம் அமர்கிறார். இடஞ்சுழியாகப் போனால் தீவு முழுவதும் உங்கள் ஜன்னலிலேயே இருக்கும். வடக்கே கிலாவேயா கலங்கரை விளக்கம், பிறகு ஹனலே விரிகுடா, அதைத் தாண்டியதும் நா பாலி கடற்கரை. ஏறக்குறைய 27 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையே இல்லாத பச்சைச் சுவர்கள், சில இடங்களில் 1,200 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கின்றன. அது முடியும் இடத்தில் உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் வைமேயா பள்ளத்தாக்கு: நீளம் சுமார் 22 கிலோமீட்டர், ஆழம் 900 மீட்டருக்கும் மேல், மண் முழுக்கச் சிவப்பு. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக மற்ற இரண்டு வழிகளிலும் எதுவும் இல்லை.

நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்வது முக்கியம். நா பாலி வடமேற்கைப் பார்த்து நிற்பதால் காலையில் பாறைகள் நிழலில் கிடக்கும். சிமுலேட்டர் கடிகாரத்தைப் பிற்பகல் நான்கு மணிக்குத் திருப்பினால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒளி விழும். நடுவில் இருக்கும் வையலேயலே சிகரம் (1,569 மீட்டர்) உலகிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. நேரடி வானிலையை (அந்த நேரத்தில் அங்கே நிஜமாக நிலவும் வானிலை) போட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். முதல் முறை வானிலையை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

மதீராவின் அழகு வேறு வகை. சுமார் 57 கிலோமீட்டர் நீளமும் 22 கிலோமீட்டர் அகலமும் உள்ள அந்தத் தீவில் கிழக்கு முனையான சாவ் லோரென்சோ மொட்டையாகவும் வறண்டும் இருக்கிறது. வடகரை அடர்ந்த பச்சை. தென்கரையில் காபோ ஜிராவ் பாறை 580 மீட்டர் உயரத்திலிருந்து நேராகக் கடலுக்கு இறங்குகிறது. மலைச்சரிவெங்கும் படிப்படியாக வெட்டிய வயல்களும் சிவப்பு ஓட்டு வீடுகளும். நடுவே பிக்கோ ருய்வோ சிகரம் 1,862 மீட்டர். மேகத்துக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஏறி இன்னொரு சுற்று என்று இரண்டு தனித்தனிப் பயணங்களாகவே இதைப் பறக்கலாம். கவாய் போல ஒரே இடத்தில் மூச்சடைக்க வைக்காது. ஆனால் எந்த ஐந்து நிமிடமும் வெறுமையாகப் போகாது.

கரீபியன் தீவுகள் தனித்தனியாகப் பார்த்தால் சிறியவை. சபாவின் மொத்தப் பரப்பே சுமார் 13 சதுர கிலோமீட்டர். அங்கே தீவுகளோடு சேர்ந்து அவற்றுக்கு இடையிலுள்ள கடலும் காட்சியின் பாதி. சின்ட் யூஸ்டேஷியஸில் தி குவில் எரிமலையின் வாய்க்கு மேல் பறந்தால் உள்ளே காடு வளர்ந்திருப்பது தெரியும். செயின்ட் கிட்ஸில் 1,156 மீட்டர் லியாமுயிகா, அதன் மேற்குக் கரையோரம் பிரிம்ஸ்டோன் ஹில் கோட்டை. அடுத்து ஒரே கூம்பாக எழும் நேவிஸ். இன்னும் தெற்கே போக மனமிருந்தால் மொன்செராட். 1995இல் விழித்த சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை, தலைநகர் பிளிமத்தையும் பழைய விமான நிலையத்தையும் 1997இல் அழித்துவிட்டது. செயற்கைக்கோள் படங்களில் அந்தச் சாம்பல் சமவெளி கடல் வரை நீண்டு கிடப்பது தெளிவாகத் தெரிகிறது. அழகு பார்க்கக் கிளம்பியவருக்கு அது பாரமான காட்சிதான்; ஆனால் ஒரு நாட்டின் வரலாற்றை இவ்வளவு நேரடியாகக் காட்டும் இடம் மற்ற இரண்டு வழிகளிலும் இல்லை.

இனி, சிமுலேட்டருக்கே உரிய ஒரு சிக்கல். இதை விளம்பரப் படங்கள் காட்டுவதில்லை. இன்றைய நிலக்காட்சிகள் பெரும்பாலும் மேலிருந்து எடுத்த படங்களை உயர வரைபடத்தின் மேல் போர்த்தி உருவாக்கப்படுகின்றன. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குச் செங்குத்துப் பாறை ஒரு மெல்லிய கோடு மட்டுமே. அந்தக் கோட்டில் உள்ள கொஞ்ச விவரத்தை நூற்றுக்கணக்கான மீட்டர் உயரச் சுவர் முழுக்க இழுத்துப் பரப்ப வேண்டியிருக்கிறது. விளைவு, அருகே போனால் பாறையில் மேலிருந்து கீழாகக் கறைபடிந்த கோடுகள். உயர வரைபடமும் கூர்மையான விளிம்புகளை மழுக்கிவிடுகிறது. ஆகவே செங்குத்துப் பாறைகளுக்குப் பேர்போன தீவுதான் சிமுலேட்டரில் அதிகம் அடிபடுகிறது: நா பாலியும் காபோ ஜிராவும் தொலைவில் அற்புதம், முந்நூறு அடி நெருக்கத்தில் ஏமாற்றம். ஹவாயில் நிஜச் சுற்றுலா விமானங்களுக்கு, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால், நிலத்திலிருந்து 1,500 அடி விலகியே பறக்க வேண்டும் என்று விதி உண்டு. சிமுலேட்டரிலும் அதைக் கடைப்பிடியுங்கள். படம் நன்றாகத் தெரியும் தூரமும் ஏறத்தாழ அதுவேதான். சரிவான எரிமலைக் கூம்புகளும் தாழ்ந்த குன்றுகளும் கொண்ட கரீபியன் தீவுகளில் இந்தக் குறை குறைவாகவே உறுத்துகிறது. அங்கே உறுத்துவது கடல்தான்: கரையோரத்தில் படத்திலுள்ள நீரும் சிமுலேட்டர் வரையும் நீரும் சந்திக்கும் இடத்தில் சில சமயம் நிறம் வெட்டுப்பட்டதுபோல மாறுகிறது.

காற்றைப் பொறுத்தவரை மதீராவுக்குத்தான் முதலிடம். வடகிழக்கிலிருந்து வரும் காற்று நடுமலையில் மோதி, தென்சரிவில் சுழன்று இறங்குகிறது. ஃபுஞ்சால் விமான நிலையம் சரியாக அந்தச் சுழலின் பாதையில் இருப்பதால், அங்கே தரையிறங்கக் காற்று வேக வரம்புகள் உண்டு; விமானிகளுக்குச் சிறப்புப் பயிற்சியும் கட்டாயம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் மலைமேல் மோதும் காற்றின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுவதால், 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வடகிழக்குக் காற்றை வைத்துத் தென்கரையோரம் பறந்தால் சிறு விமானம் கையில் துள்ளும். கவாயிலும் கரீபியனிலும் வர்த்தகக் காற்று (trade wind) பெரும்பாலும் சீராக வீசுகிறது. மலையின் மறைவுப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் போதும்.

என் ஓட்டைத் தீர்மானித்தது தரையிறக்கம். கவாயில் லிஹுவேயில் ஏறி, சுற்றி, லிஹுவேயிலேயே இறங்குகிறோம். ஒவ்வொன்றும் 6,500 அடி நீளமுள்ள இரண்டு ஓடுபாதைகள், எந்தச் சிறு விமானத்துக்கும் தாராளம். தெற்கே போர்ட் ஆலன் என்ற சிறு ஓடுபாதையும் உண்டு. ஒரு மணி நேரம் ஜன்னல் வழியே பார்த்த பிறகு விமானியாகச் செய்வதற்கு அதிகம் எதுவுமில்லை. மதீராவில் ஒரே ஒரு தரையிறக்கம், ஆனால் அது பெரியது. 1964இல் 1,600 மீட்டராகத் திறந்த ஓடுபாதை, 1977 விபத்தில் 131 பேர் இறந்த பிறகு கட்டங்கட்டமாக நீட்டப்பட்டு இப்போது 2,781 மீட்டர். நீட்டிய பகுதியை 180 தூண்கள் கடலோரத்தில் தாங்கி நிற்கின்றன. 05 என்று எண்ணிட்ட திசையில் (வடகிழக்கு நோக்கி) இறங்க, கடல்மேல் ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து, மலையை நோக்கி வலப்பக்கம் வளைந்து, வளைவு முடியும் தறுவாயில் ஓடுபாதையைப் பிடிக்க வேண்டும். கருவிகளை விட்டுவிட்டுக் கண்ணை நம்பும் கணம் அது.

கரீபியனிலோ பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரையிறக்கம், ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. சின்ட் மார்ட்டனில் மாஹோ கடற்கரையில் நிற்பவர்களின் தலைக்கு மேலே உரசியபடி இறங்கும் 2,300 மீட்டர் ஓடுபாதை. அங்கிருந்து பத்து நிமிடத்தில் செயின்ட் பார்த்தலெமி: மேட்டுச் சாலையைத் தாண்டிய கையோடு மூக்கை இறக்கி, கீழ்நோக்கிச் சரியும் 650 மீட்டர் ஓடுபாதையில் தொட்டு, கடற்கரை மணல் வருவதற்குள் நிறுத்த வேண்டும். பிறகு சபா: 400 மீட்டர், இரு முனையிலும் கடலுக்கு இறங்கும் பாறை, ஒரு பக்கம் மலை. 1963இல் திறந்த அந்த ஓடுபாதையின் இரு முனையிலும் பொதுப் போக்குவரத்துக்கு மூடியது என்று பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். ட்வின் ஆட்டர் என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானங்கள் அதில் தினசரிச் சேவையாக இறங்குகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த விமானிகள் மேல் மரியாதை கூடுகிறது. கண்ணுக்கு இனிய கால்மணி நேரம், உடனே முழுக் கவனம் கேட்கும் இரண்டு நிமிடம் என்று மாறி மாறி வருவதால் இரண்டுமே சலிப்பதில்லை. கவாயின் ஒரு மணி நேரத்துக்கு இந்தத் தாளம் இல்லை.

விமானத் தேர்வில் நீண்ட விவாதம் தேவையில்லை. இறக்கை மேலே இருக்கட்டும், வேகம் 100 நாட்டைச் சுற்றி இருக்கட்டும். கவாய்க்கும் மதீராவுக்கும் செஸ்னா 172 போதும். கரீபியனுக்கு ட்வின் ஆட்டர். இறக்கை கீழேயுள்ள விமானத்தில் ஏறினால் பார்க்க வந்த கரையை இறக்கையே மறைக்கும்.

சிமுலேட்டர்களில், படங்களை இணையம் வழி இறக்கிக் காட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020, 2024 பதிப்புகளே இந்த வகைப் பறப்புக்கு முதல் தேர்வு. 2020 பதிப்பின் அடிப்படைத் தொகுப்பிலேயே மதீரா, சபா நிலையங்கள் கையால் செதுக்கித் தரப்பட்டிருக்கின்றன. இணைய இணைப்பு மெலிந்தால் நிலக்காட்சியும் மங்கிவிடும் என்பதுதான் அதன் பலவீனம். எக்ஸ்-ப்ளேன் 12இல் விமானத்தின் நடத்தையும் அலைகளும் எனக்கு அதிகம் பிடித்தவை. ஆனால் அதன் இயல்பான நிலக்காட்சியில் நா பாலியை அடையாளம் காண்பது கடினம். ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற துணை மென்பொருள் கொண்டு தீவுப் பகுதிக்கு மட்டும் படங்களைத் தயாரித்துக்கொள்ளலாம். சிறு தீவுகளுக்குப் பெரிய வட்டு இடம் தேவைப்படாது. பணம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு ஃப்ளைட்கியர் முற்றிலும் இலவசம். அதில் காட்சி எளிமையானது. சபாவில் இறங்கும் பயிற்சிக்கு அது தடையே இல்லை.

சிமுலேட்டருக்கு நேற்றுத்தான் வந்தவர் என்றால் கவாயில் தொடங்குவதே சரி. அங்கே தவறு செய்ய நிறைய வானம் இருக்கிறது. காற்றோடு மல்லுக்கட்டப் பிடித்தவருக்கு மதீரா. நேராகச் சமமாகப் பறக்கவும் வேகத்தைப் பிடித்து வைக்கவும் தெரிந்துவிட்ட ஒருவருக்குக் கரீபியன் வழியை இந்த வரிசையில் பரிந்துரைப்பேன்: சின்ட் மார்ட்டன், செயின்ட் பார்த்தலெமி, செயின்ட் கிட்ஸ், சின்ட் யூஸ்டேஷியஸ், சபா. செயின்ட் கிட்ஸிலும் சின்ட் யூஸ்டேஷியஸிலும் ஓடுபாதைகள் நீளமானவை. அங்கேயே 400 மீட்டருக்குள் நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள். சின்ட் யூஸ்டேஷியஸிலிருந்து சபாவுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். பாதி வழியிலேயே வேகத்தைக் குறைத்து ஃப்ளாப்பை (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடல்) இறக்கத் தொடங்கினால்தான் அந்த ஓடுபாதைக்கு முன் எல்லாம் தயாராக இருக்கும்.