ஏபி பயாலஜியா, பயோமெடிக்கலா, சி.என்.ஏ.வா?

டாக்டராக ஆசைப்படும் பிள்ளை இருக்கும் டெக்சஸ் தமிழ் வீடுகளில், பத்தாம் வகுப்பு முடியும்போது, அடுத்து இந்த மூன்றில் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற பேச்சு வந்தே தீரும். எங்கள் வீட்டிலும் வந்தது. மகள் பதினொன்றாம் வகுப்பில் ஏபி பயாலஜி, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் உயிரியல் பாடம் படித்தாள், பன்னிரண்டில் சி.என்.ஏ. என்னும் நர்சிங் உதவியாளர் பயிற்சியை எடுத்தாள். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நான் ஏபியைத்தான் விடச் சொல்வேன்.

ஏபி பற்றித் தெரியாதவர்கள் குறைவு. மே மாதம் காலேஜ் போர்டு நடத்தும் மூன்று மணி நேரத் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். 4 அல்லது 5 வாங்கினால் பல பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தருகின்றன, அதாவது கல்லூரிப் பாடத்தை முடித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் மெடிக்கல் ஸ்கூலுக்குப் போகிறவர்களுக்கு அந்த லாபம் அப்படியே நிற்பதில்லை. ஏபி கிரெடிட்டை ஏற்காத மெடிக்கல் ஸ்கூல்களும், ஏற்றாலும் அதோடு மேல்நிலைப் பயாலஜி வகுப்புகளைக் கேட்பவையும் நிறைய உண்டு. பாடம் நல்ல பாடம்தான், அதில் சந்தேகமில்லை.

பயோமெடிக்கல் என்று இங்கே பள்ளிகளில் சொல்வது பெரும்பாலும் ப்ராஜெக்ட் லீட் த வே அமைப்பின் நான்கு பாடத் தொடர். புத்தகத்தைவிட ஆய்வுக்கூடத்துக்கு அதில் இடம் அதிகம். சிறிய எலும்புக்கூட்டு மாதிரியின்மேல் களிமண்ணால் தசைகளை ஒட்டுவார்கள், டிஎன்ஏவை ஜெல்லில் ஓடவிடுவார்கள், நோய் கண்டறிய உதவும் எலைசா பரிசோதனை செய்வார்கள். இதை நான் பக்கத்து வீட்டுப் பையன் படித்தபோது பார்த்ததோடு சரி. ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்தால்தான் நான்கையும் நிதானமாக முடிக்க முடியும்.

இனி சி.என்.ஏ. அமெரிக்க மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். டெக்சஸ் 100 மணி நேரம் கேட்கிறது: வகுப்பில் 60, நோயாளிகள் பக்கத்தில் 40. அந்த 40 மணி நேரத்துக்காகத்தான் இதன் பக்கம் நிற்கிறேன்.

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பிள்ளை என்ன செய்கிறது? நாடி, ரத்த அழுத்தம் பார்க்கிறது. ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுகிறது. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறது. பல்செட்டைக் கழுவுகிறது, ஊட்டிவிடுகிறது, மலம் துடைக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்குத் தாத்தா பாட்டி வாட்ஸ்அப் திரையில் தெரியும் முகங்கள். வயதான உடம்பு எப்படி இருக்கும், அதைத் தொடுவது எப்படி இருக்கும் என்று தெரியாமலே டாக்டராகப் போகிறேன் என்கிறார்கள். கல்லூரி நாலு வருஷம், மெடிக்கல் ஸ்கூல் நாலு வருஷம், அப்புறம் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி குறைந்தது மூன்று. பதினோரு வருஷப் பாதை. இந்த வேலைக்கு மனசு ஒப்புமா என்று பதினேழு வயதிலேயே பார்த்துவிடுவது எவ்வளவு பெரிய விஷயம்!

மகள் முதல் சில வாரங்கள் வீட்டுக்கு வந்து அதிகம் பேசவில்லை. பிறகு ஒருநாள், நின்றுகொண்டு ஊட்டினால் வாயைத் திறக்காத ஒரு பெரியவர், நாற்காலி போட்டு அவர் கண்ணுக்கு நேரே உட்கார்ந்ததும் சாப்பிட்டார் என்று சொன்னாள். எந்த ஏபி வகுப்பிலும் இது கிடைத்திருக்காது. அவள் வகுப்பிலேயே ஒருவன் பாதியில் இது எனக்கில்லை என்று கம்ப்யூட்டர் பக்கம் போனான். அவன் குடும்பத்துக்கும் அது லாபம்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் இருக்கிறது, ரேங்க். 1997 சட்டப்படி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்கு டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆனால் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு (யூ.டி.) 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். ரேங்க் கணக்கிடும்போது ஏபி பாடத்துக்குக் கூடுதல் வெயிட் உண்டு. எங்கள் பள்ளி மாவட்டத்தில் சி.என்.ஏ.வுக்கு அது இல்லை. ரேங்க் விளிம்பில் இருக்கும் பிள்ளை என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

சான்றிதழையும் சும்மா வைத்திருக்க முடியாது. தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு அந்த வேலை செய்யாவிட்டால் தகுதி போய்விடும், மறுபடி தேர்வு, அல்லது பயிற்சியும் தேர்வும். கல்லூரிக் கோடை விடுமுறையில் வேலைக்குப் போனால் இந்த இடைவெளி விழாது, மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் கேட்கும் நோயாளி அனுபவமும் அதிலேயே சேர்ந்துவிடும்.

படிவத்தில் டிக் அடிக்கும் முன் பள்ளிக் கவுன்சிலரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்த வகுப்புக்கு வெயிட் உண்டா, 40 மணி நேரப் பயிற்சி எந்த இல்லத்தில், பள்ளி நேரத்திலா சாயங்காலத்திலா. காரில் கொண்டுபோய் விடப்போவது நீங்கள்தான்.