சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர்: ஆலைக்கா, வயலுக்கா?

பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியை விட்டுப் பிரியும்போது பாளையங்கால்வாய் குளிக்கிற மாதிரிதான் இருக்கும். மேலப்பாளையம் தாண்டினால் ஆகாயத்தாமரையை விலக்கித்தான் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கீழே இருக்கிற வயல்களுக்குப் பாய்வதும் அதேதான். ஊர்ச் சாக்கடையில் விவசாயம் பண்ணலாமா என்று நெல்லையில் புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை. பண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம், சுத்திகரிக்காமல்.

சரி, சுத்திகரித்த பிறகு யாருக்குக் கொடுப்பது? நெல்லையின் ராமையன்பட்டி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரை வைத்தே யோசிப்போம். ஒரு பக்கம் குளிர்விக்கத் தண்ணீர் கேட்கும் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள், இன்னொரு பக்கம் மானூர் வட்டாரத்து மானாவாரி நிலம். கூடங்குளம் அணுமின் நிலையத்தை இதில் இழுக்க வேண்டாம். அங்கே குளிர்விக்கக் கடலே இருக்கிறது.

குளிர்விப்புக் கோபுரம் என்பது வெந்நீர்த் தவலையின் அண்ணன். தண்ணீர் ஆவியாகிச் சூட்டைக் கொண்டு போகும், உப்பு அடியில் தங்கும். வருகிற தண்ணீரைப் போல 5 மடங்கு உப்பு ஏறும்வரை சுற்றவிடலாம் என்றால், 100 லிட்டர் ஆவிக்கு 25 லிட்டரை வெளியே தள்ள வேண்டும். 3 மடங்குதான் தாங்கும் என்றால் அது 50 ஆகிவிடும். சாக்கடைத் தண்ணீரில் வழக்கமான உப்போடு பாஸ்பேட்டும் அம்மோனியாவும் உண்டு. பாஸ்பேட் சுண்ணாம்போடு சேர்ந்து குழாயின் உள்ளே கல்லாகப் படியும். அம்மோனியா செம்புக் கலவைக் குழாயை அரிக்கும். போதாததற்கு பாசி. அதனால் பெரும்பாலும் வழக்கமான சுத்திகரிப்புக்கு மேல் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும், உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ-வும் தேவைப்படுகின்றன.

இது புதுக் கதையில்லை. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு தலா 4.5 கோடி லிட்டர் தரும் ஆர்ஓ நிலையங்கள் 2019-லேயே வந்துவிட்டன. அனல்மின் நிலையத்துக்கு 50 கிலோமீட்டருக்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும் என்று 2016 மின்கட்டணக் கொள்கையும் சொல்கிறது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஓர் அணுமின் நிலையமே ஊர்க் கழிவுநீரில்தான் குளிர்கிறது.

இங்கே எனக்கு உறுத்துவது ஆர்ஓ விட்டுப்போகும் உப்புக் கழிவு. உள்ளே போவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அப்படித் தங்கும். கங்கைகொண்டான் பக்கத்தில் கடலா இருக்கிறது? இருப்பது சிற்றாறு. அதில் விட முடியாது, காய்ச்சி உப்பெடுக்க மின்சாரச் செலவு.

வயலுக்கு இவ்வளவு சுத்தம் வேண்டாம் என்பதுதான் அதன் பெரிய பலம். ஒரு கோடி லிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு நாளைக்கு 20,000 லிட்டர், அதாவது 5 மில்லிமீட்டர் வைத்தால் 500 ஏக்கர் நனையும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரஜன் என்று வைத்தால் நாளுக்கு 200 கிலோ, கிட்டத்தட்ட 10 மூட்டை யூரியா, சும்மா. ஆனால் யூரியாவை நாம் நிறுத்த நினைக்கும்போது நிறுத்தலாம். இது தண்ணீரோடு வந்துகொண்டே இருக்கும். கதிர் பிடிக்கிற நேரத்திலும் தழைச்சத்து ஏறினால் நெல் தழைத்து, சாய்ந்து, அறுப்பு தள்ளிப் போகும். தீவனப் புல்லுக்கோ இது லாபம்தான். பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கும் கீரைக்கும் பக்கத்திலேயே விடக்கூடாது. அப்படிப்பட்ட பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கிருமி 1,000-க்கு மேல் இருக்கக் கூடாது என்று 1989-லேயே உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருந்தது.

இன்னொரு சிக்கல் காலம். சாக்கடை ஐப்பசியிலும் வரும், சித்திரையிலும் வரும். பிசானம் என்கிற மழைக்கால நெல்லுக்கு அடைமழை பெய்யும்போது இந்தத் தண்ணீர் யாருக்கு வேண்டும்? குளத்தில் தேக்கினால் மறுபடி ஆகாயத்தாமரைதான். ஆலைக்கு அந்தக் கணக்கே இல்லை, வருசம் முழுக்க ஒரே அளவு.

மானூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் என் மாமாவிடம் கேட்டேன். "புல்லு போடுதேன் மருமவனே. நெல்லுன்னா, அதுல வெளஞ்சதுன்னு தெரிஞ்சா வியாபாரி வெல கொறைப்பான்லா?" என்றார். கிருமியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

என்னைக் கேட்டால், சித்திரை முதல் ஆவணி வரை ராமையன்பட்டியைச் சுற்றிப் புல்லுக்கும் மரத்துக்கும்தான் முதல் பங்கு. குழாயும் குறைவு, ஆர்ஓ-வும் வேண்டாம். ஆலைக்குக் கொடுக்கலாம், ஒரே ஒரு கண்டிப்போடு: ஒரு லிட்டர் இங்கே வாங்கினால் ஆற்றிலிருந்து எடுப்பதில் ஒரு லிட்டர் குறைய வேண்டும். இல்லாவிட்டால் அது மாற்றுத் தண்ணீர் இல்லை, கூடுதல் தண்ணீர். ஒப்பந்தத்தில் எழுதிவிட்டோம் என்பார்கள். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளின் மீட்டரை மாதாமாதம் வாசித்து, ஊர்க்காரர்கள் பார்க்கிற மாதிரி பலகையில் எழுதிப் போடட்டும். அப்புறம் குழாய் பதிக்கலாம்.