விக்டோரியா காலணாவா, தரங்கம்பாடி காசா?

பிரிட்டிஷ் இந்தியாவில் விக்டோரியா மகாராணியின் பெயரில் வந்த செப்புக் காலணா, தரங்கம்பாடிக்கென்று டென்மார்க்கின் டேனியர் வெளியிட்ட செப்புக் காசு ஆகிய இரண்டையும் ஆறு ஆண்டுகள் வாங்கிச் சேர்த்த பிறகு, இனி விக்டோரியா காலணாக்களை மட்டுமே சேர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வரலாற்றுச் சுவையில் தரங்கம்பாடி காசுக்கே முதலிடம். 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த அந்த ஊருக்கென்று வெளிவந்த சிறு செப்புக் காசுகளில் மன்னரின் முகம் இருக்காது. கிரீடத்தின் கீழே பெயரெழுத்து மட்டும் இருக்கும். ஏழாம் கிறிஸ்தியானின் காசில் 'சி' (C) என்ற எழுத்தின் வளைவுக்குள் 7 என்ற எண் அமர்ந்திருக்கும் அழகுக்காகவே முதலில் அவற்றை வாங்கினேன்.

ஆனால் செம்பைப் பொறுத்தவரை பராமரிப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. என்னிடம் வந்த டேனியக் காசுகளில் பெரும்பாலானவை கடற்கரை மணலில் கிடைத்தவை. உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் இறங்கிவிட்டால், காற்றின் ஈரம் பட்டவுடன் வெளிர்பச்சைத் தூளாகக் களிம்பு பூக்கும். துடைத்தெடுத்தால் அடியில் ஊசிமுனை அளவுக்குக் குழி தெரியும், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மீண்டும் பூக்கும். 'நாலு காசு' மதிப்புள்ள டேனிய நாணயம் ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்தும், அதன் கிரீடத்தின் பாதியை இழந்தேன்.

காலணாவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ரூபாய்க்கு 64 என்ற கணக்கில் புழங்கிய அக்காசு ஆறரை கிராம் எடையுள்ள கனமான செம்பு. பெட்டியிலும் உண்டியலிலும் இருந்து வந்தவற்றின் மேல் படிந்திருக்கும் கெட்டியான பழுப்பு நிறம் செம்புக்குக் காப்பாகவே இருக்கிறது. அதைப் புளி போட்டுத் துலக்குவதுதான் பெருங்கேடு. பளபளப்பு வரும், ஆனால் சேகரிப்பாளர் அதைத் தொடமாட்டார். பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறையிலும் வைக்க வேண்டாம், நாளடைவில் அதுவே பச்சைப் பிசுக்கைக் கக்கும். காகித உறையும் வறண்ட அலமாரியும் போதும்.

1862இல் தொடங்கிய வரிசையில் 'அரசி' என்றிருந்த பட்டம் 1877 முதல் 'பேரரசி' என்று மாறுவதால், ஆண்டு வாரியாகச் சேர்ப்பவருக்கு அங்கே இயல்பான ஒரு பிரிவும் கிடைக்கிறது.

மறுவிற்பனை பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை. இரண்டு காலணாக்களை மட்டுமே விற்றிருக்கிறேன், இரண்டும் வாங்கிய விலைக்கே போயின. கடல் உப்புப் படாத டேனியக் காசு ஒன்று கண்ணில் பட்டால், அதை மட்டும் விடமாட்டேன்.