ஈவ் மியூர்ஹெட் மேட்ச் ரீப்ளே: பைனலை கடைசியா பாருங்க

ஐஸ்ல தொடப்பம் வச்சு கூட்டுறதெல்லாம் ஒரு விளையாட்டான்னு கர்லிங்கை நக்கல் அடிச்சிட்டு இருந்த ஆளு நான். இப்ப ஸ்காட்லாந்து ஸ்கிப் (டீம் கேப்டன்) ஈவ் மியூர்ஹெட் ஆடின மூணு ஃபுல் மேட்ச் ரீப்ளேவை ஒரே வாரத்துல முடிச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல, ஹைலைட்ஸ் மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாது சொல்லிட்டேன்.

முதல்ல 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ஸ் வெண்கல மேட்ச் பாருங்க. 2013ல உலக சாம்பியன், 2014 சோச்சில வெண்கலம், அப்படிப்பட்ட ஆளு கடைசி கல்லை விடுறாங்க, குறி தப்புது, ஜப்பான் 5-3ன்னு ஜெயிக்குது. கிட்டத்தட்ட 19 கிலோ கிரானைட் கல்லு, 38 மீட்டர் தள்ளி இருக்கற வட்டத்துல போய் நிக்கணும், கைய விட்டு போயிட்டா அப்புறம் கல்லுக்கு முன்னாடி ஐஸை தொடப்பத்தால தேய்ச்சு கொஞ்சம் அதிக தூரம் போக வைக்கலாம், அது வளைஞ்சு போறதை கொஞ்சம் குறைக்கலாம், அவ்ளோதான். அந்த நேரத்துல அவங்க மூஞ்சிய பாக்கவே முடியல எனக்கு.

அதுக்கப்புறம் இடுப்புல ஆபரேஷன். 2022 பெய்ஜிங்குக்கு நேரடியா இடம் கூட கிடைக்கல, நெதர்லாந்துல தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ள வந்தாங்க, லீக்லயும் 5 ஜெயிச்சு 4 தோத்து நூலிழைல செமி. இதை தெரிஞ்சுக்கிட்டு ஸ்வீடன் கூட ஆடின அந்த செமிய போடுங்க. முதல் எண்ட்லயே (ரெண்டு டீமும் ஆளுக்கு எட்டு கல்லு விடுற ஒரு ரவுண்டுதான் எண்ட்) 0-4! நான் டீ போட எழுந்து போயிட்டேன், அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு. கடைசில எக்ஸ்ட்ரா எண்ட் போயி 12-11ன்னு ஜெயிக்கிறாங்க. மூணுல இதுதான் பெஸ்ட்.

பைனல் தங்கம்தான், ஆனா மேட்ச்சா பாத்தா சுமார், அதே ஜப்பானை 10-3. ஏழாவது எண்ட்ல 4 பாயிண்ட் எடுத்ததும் கதை முடிஞ்சுது. கூட ஆடின விக்கி ரைட் ஒரு நர்ஸ்ங்கிறது எனக்கு புது நியூஸ். அந்த வருஷமே ஆகஸ்ட்ல மியூர்ஹெட் ரிட்டயர்.

ஒரே குறை, நான் பாத்த சைட்ல தம்ப்நெயில்லயே ஸ்கோர போட்டு வச்சிருக்கானுங்க, அதுக்கு ஒரு ஸ்டார் கட். 4/5. மொபைல்ல வேணாம், கல்லு எங்க நிக்குதுன்னே தெரியாது, டிவில போட்டு பாருங்க.